ஹல்கோசுவோவில் திறக்காத போல்ட்

அக்டோபர் 11, வெள்ளி

நாளை மூஸ் மான் வேட்டை தொடங்குகிறது. காலுறை துவைத்தாயிற்று. காபி குடுவைக்கு மூடியைக் காணோம்.

அக்டோபர் 12, சனி

கோபத்தில் பேனா தாளைக் கிழிக்கிறது. 

ஹல்கோசுவோ சதுப்பின் ஓரத்தில் மூஸுக்காகக் காத்திருக்கும் நிலை என்னுடையது. எங்கள் வேட்டைச் சங்கத்தில் அதைவிட நல்ல நிலை கிடையாது. விவாகரத்தில் என்சியோ வீட்டை எடுத்துக்கொண்டான், நான் இதை எடுத்துக்கொண்டேன். என்னைப் பொறுத்தவரை வக்கீல் திறமைசாலி.

ஒன்பது மணிக்கு நாய் குரைத்தது. தாயும் கன்றுமாக வெளியே வந்தன. கன்று முதலில், தாய் பிறகு, அதுதான் முறை. கன்று ஒரே குண்டில் விழுந்தது. சுட்ட கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற, துப்பாக்கியின் போல்ட் பிடியைத் தூக்கினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தூக்கினேன். அசையவில்லை. பிர்ச் கட்டையை எடுத்துத் தட்டினேன். தாய் மூஸ் நின்று, தலையைச் சாய்த்து, ஒரு பெண்மணி தன் துப்பாக்கியை விறகுக்கட்டையால் அடிப்பதைப் பொறுமையாகப் பார்த்தது. பிறகு போய்விட்டது. அதற்கும் வேலை இருக்குமல்லவா.

வாக்கி-டாக்கியில் என்சியோ. அவன்தான் வேட்டைத் தலைவன், அதனால் மொத்தச் சங்கமும் கேட்டது.

"ஹில்மா, என்ன தட்டுற? கதவா?"

"உன் தோட்டா உள்ள மாட்டிக்கிச்சு."

"என் தோட்டாவா? ஊரே அதைத்தான் சுடுது. எவனுக்கும் மாட்டல."

சங்கத்துக்கே அவன்தான் வீட்டில் தோட்டா நிரப்பிக் கொடுக்கிறான். எனக்கு மட்டும் வெடிமருந்தை ஒரு சிட்டிகை கூட்டிப் போட்டிருப்பான் என்று வேட்டைக் குடிலில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

சங்கத்துக்குச் சூப் கிண்டும் லஹ்யா மணிக்கட்டில் மாவுக்கட்டுடன் உட்கார்ந்திருந்தாள். என்சியோ அவளைக் காட்டினான். "சரி. குத்தம் என் தோட்டாவுலன்னா இந்த சீசன் முழுக்க நான் சூப் கிண்டுறேன். உன் துப்பாக்கியிலன்னா நீ கிண்டு. ஹல்கோசுவோ எனக்கு. அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கலாம்."

"பார்த்துக்கலாம்" என்றேன். வாய் இருக்கிறதே, வாய்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆளாளுக்கு வைத்தியம். குளிர்தான் காரணம் என்கிறார் போதகர். போல்ட் ரஷ்யப் பக்கம் பார்த்தபடி இருந்ததா என்று கேட்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கேலி செய்கிறாரா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஊரில் யார் முகத்தையும் வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

நானே ஒழுங்காகப் பார்த்தேன். காலித் துப்பாக்கியில் போல்ட் இரண்டு விரலுக்குத் திறக்கிறது. ஆக, சுட்ட பிறகுதான் கோளாறு. நேற்று அடித்துப் பிடுங்கிய பித்தளைக் கூட்டைச் சன்னலோரம் வைத்துப் பார்த்தேன். மருந்து அதிகமானால் அடியில் ஊசி குத்தும் பொட்டு நசுங்கித் தட்டையாகிவிடும். நசுங்கியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். குழந்தைக் கன்னம் மாதிரி உருண்டையாக இருக்கிறது.

இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் ஒரு தடவையாவது அந்த மனுஷன் எனக்கு வசதியாகத் தப்புப் பண்ணியதுண்டா?

அக்டோபர் 15, செவ்வாய்

சுடும் திடலில் கடைத் தோட்டாவால் சுட்டுப் பார்த்தேன். அதுவும் மாட்டிக்கொண்டது. திடல்காரர் ரப்பர் சுத்தியல் கொடுத்தார். 

ஆக, என்சியோ குற்றமற்றவன். இதை எழுதவே பேனா மறுக்கிறது.

அக்டோபர் 17, வியாழன்

போல்ட்டைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறைக்குள் டார்ச் அடித்தேன். சுவரெல்லாம் கறுப்பாக, பளபளவென்று ஒரு பூச்சு. மூக்கைக் கொண்டுபோனேன்.

பைன் மரத்தில் வடிக்கிற தார், படகுக்கும் மரச்சாமானுக்கும் பூசுவது.

உலகத்தில் தார் அடிக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் தார் அடிக்கிற ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். அர்மாஸ். எங்கள் சங்கத்துக்காரர், மனைவி இறந்து ஆறு வருடம். போன கோடையிலிருந்து ஏதாவது காரணம் சொல்லி என் வீட்டுக்கு வருகிறார். படகு, பனிச்சறுக்குக் கட்டை, கிணற்று மூடி என்று வரிசையாகக் கறுத்துவிட்டன. செப்டம்பரில் ஒருநாள் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்ப் புட்டியை அவர் கையில் கொடுத்து, "இதை மேலாகத் தடவிக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு, நீராவிக் குளியலறையான சவுனாவுக்கு விறகு போடப் போனேன்.

போன் பண்ணினேன்.

"எண்ணெய் தண்ணி மாதிரி இருந்துச்சுங்க. நம்ம தார் நல்லது. ஈரம் அண்டாது."

"குழாய்க்குள்ளயுமா?"

"சேச்சே, அதைத் துடைச்சுட்டேன். தோட்டா தூங்குற இடத்துல மட்டும் ரெண்டு பூச்சு."

முதல் குண்டின் சூட்டில் தார் இளகி, பித்தளைக் கூட்டை இறுகக் கட்டிக்கொள்கிறது. அப்புறம் விடுமா? திட்ட வாயெடுத்தேன். "ரெண்டு பூச்சு" என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னார்! போனை வைத்துவிட்டேன்.

டர்பன்டைன், பித்தளைத் தூரிகை, பழைய தலையணை உறை. துணி வெள்ளையாக வரும்வரை துடைத்தேன். கடைசியில் உலர்ந்த துணி. எண்ணெய்ப் பசைகூட இருக்கக் கூடாது.

இப்போது ஒரு யோசனை. சனிக்கிழமை கடைத் தோட்டாவோடு போனால் போல்ட் அழகாகத் திறக்கும். என்சியோ தோட்டாதான் கோளாறு என்று ஊர் நம்பும். அவன் சூப் கிண்டுவான். யாருக்குத் தெரியப்போகிறது?

தெரியும். எனக்குத் தெரியும். சீ.

அக்டோபர் 19, சனி

அவன் தோட்டாக்களையே எடுத்துப் போனேன். அதே தாய்தானா என்று தெரியாது, கூட வேறொரு கன்று. கன்று விழுந்தது. போல்ட் வெண்ணெய் மாதிரி திறந்தது. தாயும் விழுந்தது.

"ரெண்டு வெடி கேட்டுச்சே. யாரு?" என்றான் என்சியோ வாக்கி-டாக்கியில்.

"நான்தான். தோட்டா உன்னோடது."

அவன் குரல் துள்ளியது. "அப்போ குத்தம் துப்பாக்கியில!"

குடிலில் ஒப்புக்கொண்டேன். எதனால் என்று மட்டும் சொல்லவில்லை. மூலையில் அர்மாஸ் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

"துப்பாக்கியில இல்ல. என்கிட்ட. நான்தான் தார் பூசினேன்."

கூரை பறக்கச் சிரித்தார்கள். போதகர்தான் அதிகம். என்சியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ ரெண்டு பேருமா கிண்டுங்க. சீசன் முடியுற வரைக்கும்" என்றான்.

ஹல்கோசுவோ போயிற்று. அர்மாஸ் தலை குனிந்தே என்னோடு வீடு வரை நடந்தார். 

அக்டோபர் 24, வியாழன்

குடிலின் மர அகப்பையை வீட்டுக்கு எடுத்து வந்தேன். பழசு. காய்ந்து வெடித்திருக்கிறது. அர்மாஸிடம் காட்டினேன்.

"பாவம், இதுக்கு ஏதாவது பண்ண முடியுமா?"

அன்றிலிருந்து தலை குனிந்தே இருந்த மனுஷன் நிமிர்ந்தார். "குடுங்க" என்றார்.

நான் வேறொன்றும் சொல்லவில்லை. சொன்னதாக யாரும் நிரூபிக்க முடியாது.

அக்டோபர் 26, சனி

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். அகப்பையில் இருப்பதும் சட்டிக்கு வரும்.

தார் மிட்டாய் தின்று வளர்ந்த ஜனம், முதல் கரண்டிக்கு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதில் என்சியோ கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"இது என்ன, மூஸா, படகா?"

"ரெண்டு பூச்சு. இனிமே அகப்பை பத்து வருஷத்துக்கு வெடிக்காது" என்றார் அர்மாஸ்.

"அடுத்த வாரமும் இதே அகப்பையா?"

"சீசன் முடியுற வரைக்கும்னு நீதானே சொன்ன" என்றேன்.

லஹ்யா மாவுக்கட்டுக் கையைத் தூக்கி, இடது கையாலேயே கிண்ட முடியும் என்று அறிவித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். "நீ ஹல்கோசுவோவுக்கே திரும்பிப் போ, அகப்பைப் பக்கம் மட்டும் வராத" என்றான் என்சியோ.

நவம்பர் 2, சனி

இரவில் பனி. விடியும்போது ஹல்கோசுவோவில் உட்கார்ந்திருந்தேன். மூஸ் வரவில்லை. போல்ட்டைத் திறந்து மூடிப் பார்த்தேன், சும்மா.

என்சியோ வாக்கி-டாக்கியில், "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு."

துப்பாக்கிப் பெட்டியின் சாவி இப்போது என் கழுத்தில். சவுனாவில் நான் வாங்காத தார் சோப்பு ஒன்று இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.