தங்கை திருத்திய கேள்விகள்

பிப்ரவரி 8

என் வாயாடித் தங்கைக்கு,

போன் செய்தால் எடுப்பதே இல்லை. அவ்வளவு பெரிய மனுஷியாகிவிட்டாயா! சரி, காரியத்துக்கு வருகிறேன். மனச்சோர்வை அளக்க எங்கள் மனநலத் துறையில் ஒரு கேள்விப்படிவம் தயாரிக்கிறோம். வருகிறவர்கள் தாங்களே படித்து 'ஆமாம்', 'இல்லை' என்று குறிக்க வேண்டும். கேள்விகளை நான்தான் எழுதினேன். 'அன்றாடச் செயல்களில் ஈடுபாடு குன்றியுள்ளதா?' என்பதைப் படித்துவிட்டு ஒருவர், "இது எந்த ஆபீஸ் படிவம்மா?" என்று கேட்டார். மானம் போயிற்று. ஜனங்கள் பேசுகிற மாதிரி மாற்றி எழுதிக்கொடு. தையல் கடையில் நாள் முழுக்க ஊர்க்கதை கேட்கிறவள் நீதானே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்பு அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

உன் கேள்விகளைப் படித்தால் சோர்வு இல்லாதவனுக்கும் வந்துவிடும், போ! 'ஈடுபாடு குன்றியுள்ளதா' என்று எந்த ஜென்மம் பேசும்? 'தலைவாரச் சீப்பை எடுத்தா கை எழும்ப மாட்டேங்குது' என்று போடு. 'உறக்கக் குறைபாடு' வேண்டாம். 'படுத்தா தூக்கம் வரல, எழுந்தா நிக்க முடியல.' 'சமூக விலகல்' என்றால் என்ன, சண்டையா? 'யாராவது கதவைத் தட்டினா வீட்டுல இல்லாத மாதிரி உக்காந்திருக்கேன்' என்று எழுது. 'எதிர்கால நம்பிக்கையின்மை'க்கு, 'ஏன்தான் விடியுதோன்னு இருக்கு.'

இந்த மாதம் கடைக்கு அதிகம் போகவில்லை. அதனால் யாரையும் கேட்டு எழுதவில்லை, தானாக வந்ததுதான். நேரம் இருந்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போயேன்.

உன் தங்கை

ஜூன் 2

என் தங்கமே,

ஜெயித்துவிட்டோம்! படிவம் நிரப்பியவர்களிடம் டாக்டர்கள் தனியாகவும் பேசிப் பார்த்தார்கள், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று. உன் வாக்கியங்கள் அப்படியே ஆளைப் பிடித்துக்கொடுத்துவிட்டன. 'ஏன்தான் விடியுதோ'வுக்கு 'ஆமாம்' போட்டவர்களை டாக்டர்களும் உடனே சிகிச்சைக்கு அனுப்பினார்கள். எங்கள் தலைவர், "யாரும்மா எழுதினது? நோயாளிங்க பக்கத்துலயே உக்காந்து கேட்ட மாதிரி இருக்கே!" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கதவு வாக்கியம் மட்டும் நீளமாம், சுருக்கித் தருவாயா? உன்னைப் பார்க்க ஆசைதான். இந்த அறிக்கை முடியட்டும்.

அக்கா

ஜூலை 15

அக்கா,

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். பயப்படாதே, தேறிவருகிறேன். இவர்தான் கூட்டிவந்து சேர்த்தார். நான் வரமாட்டேன் என்றுதான் அழுதேன்.

டாக்டரம்மா, "ரொம்ப நாளா இருந்திருக்கே, யார்கிட்டயும் சொல்லலையா?" என்று கேட்டார்.

"எங்க அக்காகிட்ட விவரமா எழுதினேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"நல்லா எழுதியிருக்கேன்னு சொன்னாங்க."

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது, அக்கா. இப்போதைக்கு வராதே.

தங்கை

ஜூலை 19

குட்டி,

வராதே என்றாய், வந்துவிட்டேன். நர்ஸ் கீழேயே நிறுத்திவிட்டாள். "பார்க்க வேணாம்னு சொல்லிட்டாங்கம்மா" என்றாள். நியாயம்தான். இங்கே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊரில் உள்ளவர்களை எல்லாம் கேட்டேனடி, உன்னைக் கேட்கவில்லை. அதே வாக்கியத்தை ஒரு நோயாளி எழுதியிருந்தால் துடித்துப்போய் எழுந்திருப்பேன். நீ எழுதியதால் அழகாக இருக்கிறதே என்று படித்தேன். படித்த படிப்பைத் தூக்கிக் குப்பையில்தான் போடவேண்டும்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலே போனார். இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ள நர்ஸ் வந்து நிற்கிறாள். திட்டுவதற்காவது ஒரு தடவை மேலே கூப்பிடடி.

அக்கா