உங்கள் கண்ணாடி என்னிடம்தான் இருக்கிறது

என்னங்க,

இன்று காலை ஈப்போவில் பாஸ்போர்ட் எடுக்கப் போயிருந்தேன். பழையது எப்போதோ முடிந்துவிட்டது. படம் பிடிக்கும் நாற்காலியில் உட்கார்ந்ததும் அங்கிருந்த மலாய்ப் பெண், "செர்மின் மாத்தா புக்கா, காக்" என்றாள். கண்ணாடியைக் கழற்றினேன். அதை வைக்கக் கைப்பையின் பக்க அறைக்குள் விரலை விட்டால், அங்கே ஏற்கெனவே ஒரு கண்ணாடி இருந்தது. உங்களுடையது. உடைந்த கம்பியில் நீங்கள் சுற்றிய கறுப்பு டேப் இன்னும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. அந்தப் பெண் நேராகப் பார்க்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு எது நேர் என்றே தெரியவில்லை. பாஸ்போர்ட்டில் மூக்கு சிவந்த ஒருத்தி இருக்கிறாள், பார்த்தால் சிரிப்பீர்கள்.

பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் கப்பலுக்குப் போகிறேன் என்று ஆகிவிடாது. வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து கவுண்டர் வரை இதையேதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

எந்தக் கப்பல் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் பதிந்து வைத்ததுதான். சிங்கப்பூரில் ஏறினால் நான்கு நாள் கடலிலேயே சுற்றல், நீச்சல் குளத்துப் பக்கத்தில் மேடை, காலையிலிருந்து ஹெவி மெட்டல். நம் இரண்டு பேருக்கும் ஓர் அறை, இரண்டு கட்டில். நீங்கள் அதைச் சொன்னபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

"நாலு நாளா? எனக்கு ஒரு மத்தியானத்துக்கே தல வலிக்குது."

"அதுக்குத்தான் கப்பலு. நடுக்கடல்ல நின்னுக்கிட்டு வீட்டுக்குப் போலாம்னு நீ சொல்ல முடியாதுலா."

அப்படிச் சொல்லிவிட்டு உங்கள் சாமர்த்தியத்தை நீங்களே மெச்சிக்கொண்டு சிரித்தீர்கள். நான் கரண்டியை ஓங்கினேன்.

கல்யாணமான புதிதில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளியே போகலாம் என்று கூப்பிட்டீர்கள். சினிமா என்று நினைத்துப் பூ வைத்துக்கொண்டு வந்தேன். பழைய டவுனில் ஒரு கடைவீட்டின் மாடி. ஜன்னலெல்லாம் மெத்தையை வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே முழுக்கக் கறுப்புச் சட்டை, மண்டை ஓடு, வியர்வை. வாரம் முழுவதும் லிஃப்ட்டுக்குள் எண்ணெய்க் கையோடு பேசாமல் பழுது பார்க்கிற மனிதர், பாட்டு ஆரம்பித்ததும் கண்ணாடியைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு அந்தக் கூட்டத்துக்குள் பாய்ந்தீர்கள். முட்டி, மோதி, விழுந்து, விழுந்தவனைத் தூக்கிவிட்டு மறுபடியும் மோதினீர்கள். இந்த ஆளையா எனக்குக் கட்டி வைத்தார்கள் என்று சுவரோடு சுவராக ஒட்டி நின்றேன்.

அதற்கப்புறம் அதுவே என் இடம் ஆகிவிட்டது. உங்களைப் பார்த்து உங்கள் கூட்டாளி மணியும் அவன் கண்ணாடியைக் கொடுத்தான். "அக்கா, இதையும் கொஞ்சம்" என்று முகம் தெரியாதவர்கள்கூடக் கொடுத்தார்கள். உள்ளே என்ன பாடுகிறார்கள், எதற்குக் கத்துகிறார்கள் என்று ஒன்றும் புரியாமல், மடி நிறையக் கண்ணாடிகளோடு அத்தனை வருசம் நின்றிருக்கிறேன்.

முடிந்ததும் நீங்கள் வருவீர்களே, அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இளகுகிறது. கண்ணாடி இல்லாவிட்டால் உங்களுக்கு எதிரில் நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. ஆனாலும் வலது கையை நீட்டிக்கொண்டு நேராக என்னிடம்தான் வருவீர்கள். ஒரு தடவைகூட வேறு யாரிடமும் போய் நின்றதில்லை. எப்படி என்று ஒருமுறை கேட்டேன். "நீதான் நின்ன எடத்த விட்டு நகர மாட்டியே" என்றீர்கள். கேலியாகத்தான் சொன்னீர்கள். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் நடந்தது. ஆப்பரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது நீங்களே கழற்றிக் கொடுத்தீர்கள். "பிடி, வந்துடுறேன்" என்றீர்கள், மாடிக் கச்சேரியில் சொல்வது போலவே. நான் கதவுக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், வாங்கவில்லை. நகராமல் நின்றால் கையை நீட்டிக்கொண்டு வந்துவிடுவீர்கள் என்று நம்பினேன். டாக்டர்தான் வந்தார்.

போன மாதம் மணி கூப்பிட்டான். "கப்பல்ல அண்ணன் எடத்துக்கு வேற யார் பேராச்சும் போட்டுக்கலாம்னு சொல்றாங்கக்கா. ஆனா நீங்க வரணும். நீங்க இல்லன்னா எங்க கண்ணாடிய யாரு பிடிப்பா?" என்றான். சிரிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னான். சொல்லி முடிக்கும்போது அவன் குரலே உடைந்துவிட்டது.

அண்ணியிடம் சொன்னேன். உங்கள் அக்காவை உங்களுக்குத் தெரியாதா? பத்து காஜா ஊரில் அவர் வீட்டு வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார். "இன்னும் திவசம் வரல. இந்த வருசம் தீவாளிக்கு நானே வீட்டுல எண்ணெய்ச் சட்டி வைக்கல. நீ கறுப்புச் சட்டையப் போட்டுக்கிட்டுக் கப்பல்ல ஆடப் போறியா? நாலு பேரு என்னா பேசுவாங்க?" அவர் சொன்னதில் தப்பு இல்லை. சரி அண்ணி, போகவில்லை என்று திரும்பிவிட்டேன்.

ஆனால் உங்கள் கார் சும்மா இருக்கிறதா? சாவியைத் திருகினாலே உங்கள் பாட்டு தானாக அலற ஆரம்பிக்கிறது. முதலில் நிறுத்தத் தெரியாமல் விட்டேன். பிறகு நிறுத்த மனமில்லாமல் விட்டேன். அந்தக் கத்தலுக்குள் உட்கார்ந்து அழுவது வசதியாக இருந்தது. நான் எவ்வளவு உரக்க அழுதாலும் எனக்கே கேட்காது. கையுறை ஆலைக்குப் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை என்று அழுதேன். அப்புறம் ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது பார்க்கிறேன், என் விரல் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. டிரம் எங்கே நிற்கும், எங்கே திரும்ப இடிக்கும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. தலைவலி என்று சொல்லிக்கொண்டே அத்தனையும் காதில் வாங்கி வைத்திருக்கிறேன் போல. பச்சை விழுந்தது. பின்னாலிருந்த லோரிக்காரன் ஹாரன் அடிக்கும் வரைக்கும் நான் அழவில்லை, தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு இன்று நேராக அண்ணி வீட்டுக்குத்தான் போனேன். மேசைமேல் வைத்தேன். அண்ணி அதைத் திறந்து என் படத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"எஸ்டேட்டுல இருக்கறப்ப ரப்பர்ப் பால் வாளியக் கவுத்துப் போட்டுத் தட்டுவான். அப்பா வெரட்டி வெரட்டி அடிப்பாரு. அப்பவும் தட்டுவான்" என்றார். பாஸ்போர்ட்டை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, "லூமுட்டு கடல்லதான அவன் சாம்பலக் கரைச்சோம். அவனும் கடல்லதான இருக்கான். அவன் ஆசப்பட்டான், போய்ப் பாத்துட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போ. யாரும் ஒண்ணும் பேச முடியாது" என்றார்.

எவ்வளவு நல்ல வழி, பாருங்கள். தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அவருக்காக இல்ல அண்ணி. எனக்கே ஆசையா இருக்கு."

புருசன் போய் வருசம் திரும்பாதவள் ஆசை என்று சொல்லலாமா? அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போனார். தேத்தண்ணி ஆற்றும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. இரண்டு குவளையோடு வந்து உட்கார்ந்தார்.

"கப்பல்ல தயிர் கெடைக்குமா?"

"தெரியல அண்ணி."

"ரெண்டு கட்டில்னுதான சொன்ன? எனக்குத் தண்ணியப் பாத்தாலே வாந்தி வரும். மாத்திர வாங்கணும். ஆனா ஒண்ணு, கறுப்புச் சட்டையெல்லாம் நான் போட மாட்டேன்லா, இப்பவே சொல்லிட்டேன்."

நெற்றி நிறைய விபூதியோடு உங்கள் அக்கா அந்தக் கூட்டத்தில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். நான் நினைத்துவிட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம், அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். தேத்தண்ணி ஆறிப்போனது.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும். இத்தனை மாதமும் என்னைப் பிடித்து வைத்திருந்தது ஊர்ப் பேச்சு இல்லை. நான் இடத்தை விட்டு நகர்ந்துவிட்டால், நீங்கள் கையை நீட்டிக்கொண்டு வரும்போது அங்கே யாரும் இருக்க மாட்டார்களே என்ற பயம். பைத்தியக்காரத்தனம்தான். இருந்தாலும் அந்தப் பயத்தோடுதான் தினமும் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

கப்பலில் நான் சுவரோரம் நிற்கப் போவதில்லை. என் கண்ணாடியையும் மணியுடையதையும் அண்ணியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகப் போகிறேன். கண்ணாடி இல்லாமல் எனக்கும் ஒன்றும் தெரியாது, முட்டுவேன், மோதுவேன், விழுந்தால் யாராவது தூக்கிவிடுவார்கள். முடிந்ததும் கையை நீட்டிக்கொண்டு அண்ணியைத் தேடி வருவேன். உங்கள் அக்காதானே, நின்ற இடத்தை விட்டு நகர மாட்டார்.

உங்களுடையதை மட்டும் அவரிடம் கொடுக்க மாட்டேன். சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே எடுத்துப் போவேன். அதைப் பிடிப்பது என் வேலை.