துவாதசிக் காலை ஓட்டம்

ஜனவரி 4, ஞாயிறு

பனி. மாடவீதியில் மார்கழிக் கோலங்களைத் தாண்டித் தாண்டி ஓட வேண்டியிருந்தது. ஒன்றை மிதித்துவிட்டேன். கோலத்துக்காரி அழிந்த இடத்தில் மட்டும் மறுபடி புள்ளி வைத்தாள்.

பாலவாக்கம் போய்த் திரும்பி, இருபது கி.மீ. ர. பின்னால் சைக்கிளில். கூடையில் தண்ணீர், எலுமிச்சை, உப்பு. எங்களுக்குள் சைக்கிள் மணியில் ஒரு பாஷை. ஒரு தடவை அடித்தால், தோளை இறக்கு. இரண்டு என்றால், தண்ணீர் குடி.

வீட்டில் அவனை ‘நீங்கள்’ என்கிறேன், சாலையில் ‘நீ’. பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தபோது எப்போதும் ‘நீ’தான். கல்யாணமான பிறகு ரகு என்ற பெயரை மாமியார் காதில் விழும்படி சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ர.

எதிர் வீட்டு மாமி என் மாமியாரிடம் சொன்னது, மாடிப்படியில் காதில் விழுந்தது:

“உங்காத்து மாட்டுப்பொண் கார்த்தாலே கார்த்தாலே ஓடறாளே, யாரு துரத்தறா?”

“எம்பிள்ளைதான். சைக்கிள்ல.”

ஜனவரி 6, செவ்வாய்

பாண்டி பஜார், ஷூ வாங்க. கடைக்காரர்: “லேடீஸ்ல வாக்கிங் வரைக்கும்தாம்மா இருக்கு.” பையன்கள் அலமாரியில் ஒரு ஜோடி சரியாக இருந்தது. பச்சை நாடா. பிடித்தது.

வரும் வழியில் ர. கேட்டான், இவ்வளவு தூரம் எதற்கு ஓடுகிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாய்.

ஆய்வேடு, மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறது. வீணை, வர்ணத்தோடு சரி. ஸ்கூட்டர், எட்டு போடுவதற்கு முன்பே. ஏதாவது ஒன்றின் கடைசியில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். வேறு காரணம் இல்லை.

சொல்லவில்லை. “கால் இருக்கே” என்றேன்.

ஜனவரி 9, வெள்ளி

நேற்று வைகுண்ட ஏகாதசி. இந்த வீட்டில் ஏகாதசிதோறும் யாராவது ஒருவர் உபவாசம் இருந்தாக வேண்டும். மாமியாருக்குச் சர்க்கரை வந்து டாக்டர் தடுத்தபின் அது என்னிடம் வந்தது. நான் மறுக்கவில்லை. பிடித்தும் இருந்தது. வயிறு காலியான நாளில் மனசு துலக்கிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி.

இன்று துவாதசி. விதிப்படி அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடியோடு உபவாசம் முடித்தேன். மாலை ஓடப் போனேன். நேற்றைய பட்டினியில் கலங்கரை விளக்கம்வரைகூடப் போக முடியவில்லை. கண் இருட்டி, மீன் கடைகள் ஓரம் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மீன்காரம்மா முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

“மாசமா கீறியாம்மா?”

இல்லை என்றேன்.

“அப்ப துன்னு.”

வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் புரட்டினேன். நான் பெயர் கொடுத்திருக்கிற மராத்தான் 25, ஞாயிறு. அதற்கு முந்தின சனிக்கிழமை, ஏகாதசி.

ர.விடம் காட்டினேன். அவன் நாட்காட்டியைத் திருப்பி மாட்டினான்.

ஜனவரி 14, புதன்

பொங்கல். இதமான வெயில். பால் நன்றாகப் பொங்கி, மாமியார் முகம் மலர்ந்திருந்தது. ர. இதற்காகத்தான் ஐந்து நாள் காத்திருந்தான் போல.

“அம்மா, அடுத்த ஏகாதசி நான் இருக்கேன்.”

“நீயா? டிபன் கட்ட மறந்துட்டா ஆபீஸ்லேர்ந்து போன் பண்றவன் நீ.”

“ஒருத்தர் இருந்தாப் போறும்னுதானே சொல்லுவே.”

“அவ ஓடறதுக்கு நீ பட்டினியா?”

“ஓடறவ சாப்பிடணும்மா. நான் சைக்கிள்தானே ஓட்டறேன்.”

மாமியார் முந்திரியை வறுத்து முடித்தார். பிறகு, “பால், பழம் எடுத்துக்கலாம். தோஷமில்லை.”

“இருந்தா முழுசா இருப்பேன்.”

எனக்காக ஒருவர் பசித்திருப்பது. கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

முப்பது கி.மீ. முடிந்தது. திரும்பும்போது ஆழ்வார்பேட்டையில் ஒரு நாய் கொஞ்ச தூரம் கூட வந்தது, பிறகு அலுத்துப்போய் நின்றது. கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது.

மிச்சம் பன்னிரண்டு கி.மீ. எப்படி இருக்கும்? யாரைக் கேட்பது?

சாலையில் என் பேராசிரியர் பார்த்தார். “தீசிஸ் எப்படிப் போயிண்டிருக்கு?” ஓடிக்கொண்டே கையசைத்தேன். நிற்காமல் இருக்க நல்ல காரணம்.

ஜனவரி 24, சனி

ஏகாதசி. மேகமூட்டம். வீட்டில் அரிசி கிடையாது. எனக்குக் கோதுமை ரவை உப்புமா, உருளைக்கிழங்கு, மறுபடி உப்புமா. மாமியார் பக்கத்திலேயே நின்று, “இன்னும் ரெண்டு பிடி.”

ர. ஹாலில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருந்தான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் மெல்லுகிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

பாரணைக்கு, அதாவது நாளை அவன் உபவாசம் முடிப்பதற்கு, சாப்பாடு தூக்கில் போகிறது. மாமியார் மூன்று மணிக்கே எழுந்து கீரை வதக்குவாராம். “சூரியன் வந்ததும் ஓரமா உக்காந்து சாப்பிட்டுடு. அப்பறம் அவ பின்னாடி போ.”

எடுத்து வைத்தது: ஷூ, விளக்கெண்ணெய், சேஃப்டி பின், குளுக்கோஸ். துப்பட்டா வேண்டாம். மாமியார் பார்த்தார், கூட இரண்டு பின் எடுத்து வைத்தார்.

ஜனவரி 25, ஞாயிறு. படுத்தபடி எழுதுகிறேன்

ஐந்து மணிக்கு மெரினாவில் புறப்பாடு. பெண்கள் ஒரு கை விரலுக்குள். பதினொரு மணிக்குப் பதிவு மேசையை எடுத்துவிடுவோம், அதற்குப்பின் வருகிறவர்கள் கணக்கில் இல்லை என்று மைக்கில் சொன்னார்கள்.

சாந்தோம், அடையாறு, திருவான்மியூர். எல்லாம் இருட்டில். பின்னால் மணி. பாலவாக்கம் தாண்டி இடது பக்கம் கடல் சிவந்தது.

“சாப்பிட்டியா?”

“ஆச்சு.”

எப்போது? ஓடுகிற தலையில் அந்தக் கேள்வி எழவில்லை. மகாபலிபுரம் போகிற சாலையில் இருபத்தோராவது கி.மீ. தொட்டுத் திரும்பினோம். வெயில் ஏறியது. மணிச்சத்தம் குறைந்துகொண்டே வந்தது. நான் நன்றாக ஓடுகிறேன், அதனால்தான் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது, திருவான்மியூரில், பின்னால் ஒரு சத்தம். சைக்கிள் டீக்கடை பெஞ்சில் மோதிக் கிடந்தது. அவன் தரையில், வெளுத்துப்போய். தூக்கு உருண்டு என் காலடியில். மூடி இறுக்கமாக இருந்தது. திறந்தேன். கீரை, பச்சடி, சாதம். ஒரு பருக்கை குறையவில்லை.

“முடிச்சப்பறம் சேர்ந்து சாப்பிடலாம்னு…”

டீக்கடைக்காரர் அவனைத் தூக்கி உட்காரவைத்தார். “இன்னா சார், ஓட்றது அந்தம்மா, வுயுந்தது நீயா?”

எனக்குக் கோபம். அழுகையும். “நீ சாப்பிடற வரைக்கும் நான் நகரமாட்டேன்.”

“டைம் போறது. போ.”

“சாப்பிடு.”

தண்ணீர் ஒரு மடக்கு. கீரை ஒரு வாய். இன்னொரு வாய். பாதியில் விட்டவற்றில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம், குற்றமில்லை என்று எனக்குள் ஒரு குரல். நல்ல காரணம்கூட இருக்கிறது. அதுதான் பயமாக இருந்தது.

“நீ போம்மா. சார நான் பாத்துக்கறேன். குந்திக்கினு துன்னட்டும்.”

அவன் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. நெல்லிக்காய்க்கு முகம் சுளித்தான். பிறகுதான் எழுந்தேன். முழங்கால் மரக்கட்டை.

அடையாறு பாலம். முதல்முறையாக மணி இல்லாமல். கால் என்னுடையது, மூச்சு என்னுடையது, சாலை மட்டும் வேறு யாருடையதோ போல நீண்டது. கொஞ்சம் நடந்தேன். ஒரு பஸ்ஸிலிருந்து யாரோ, “ஏறிக்கோம்மா, டிக்கெட் நான் எடுக்கறேன்.” பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கும். மறுபடி ஓடினேன்.

சாந்தோமில் பூசை முடிந்து வெளியே வந்த கூட்டம் வழிவிட்டது. தோள் காதுவரை ஏறியிருந்தது. நானே இறக்கிக்கொண்டேன்.

மெரினா. பேனரின் ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். மேசை இன்னும் இருந்தது. மேசைக்குப் பக்கத்தில், தலைக்கு மேல் கையைத் தூக்கியபடி, ர. கையில் சைக்கிள் மணி மட்டும்.

ஒரு தடவை அடித்தான்.

கோட்டைத் தாண்டி மணலில் விழுந்தேன். மேசைக்காரர் எண்ணைக் குறித்துக்கொண்டார். கணக்கில் இருக்கிறேன்.

டீக்கடைக்காரர் அவனைச் சைக்கிள் ஏற விடவில்லையாம். ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாராம். மணியை மட்டும் கழற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறான். மீசையில் இன்னும் அகத்திக்கீரை.

“முதல்லயே சாப்பிட்டிருக்கலாம்.”

“தெரியும்.”

அதற்கு மேல் திட்ட மூச்சில்லை.

ஜனவரி 26, திங்கள்

விடுமுறை. எங்கோ ஒலிபெருக்கியில் தேசபக்திப் பாட்டு. மாடிப்படியைப் பின்பக்கமாகத்தான் இறங்க முடிகிறது. ஆய்வேட்டை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன். திறக்கவில்லை. மேசைமேல் இருக்கிறது.

எதிர் வீட்டு மாமி: “துரத்தினவன் விழுந்துட்டானாமே?”

மாமியார் நாட்காட்டி பார்த்தார். அடுத்த ஏகாதசியும் சனிக்கிழமை.

“நானே இருக்கேன்” என்றான் ர.

“நீ வேண்டாம். உன்னைத் தூக்கி உக்காத்தி வைக்க ஊரெல்லாம் டீக்கடையா இருக்கு?”

“நான் இருக்கேம்மா” என்றேன்.

மாமியார் என் கறுத்த நகத்தைப் பார்த்தார்.

“ஆளுக்குப் பாதி இருங்கோ. மத்தியானம் வரைக்கும் நீ. அப்பறம் அவன்.”

பாதி. சிரித்துவிட்டேன். தொடை வலித்தது.