மேடைப் பயம் என்று எழுதினேன்

இன்று காலை உத்திரமேரூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் சித்தரத்தை மென்றுகொண்டிருந்தார். தொண்டைக்காக நீ எப்போதும் வாயில் அடக்கியிருப்பாயே, அதே கார வாசனை. திரும்பினால் நீ இருப்பாயோ என்று பயந்து, இறங்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இசைக் கல்லூரியில் நாம் இருவரும் வாய்ப்பாட்டு. துணைப்பாடமாக நான் உளவியல் எடுத்தபோது எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும், "எட்த்துக்கோடி, நம்ம கும்பலுக்கு ஒரு டாக்டர் வேணாமா?" என்றாய். இரண்டு பாடம் முடிவதற்குள் எனக்குத் தலைகால் புரியவில்லை. யார் நகம் கடித்தாலும் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தேன்.

ஒரு நாள் வர்ணத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய்.

"இன்னாடி ஆச்சு?"

"படபடன்னு அட்ச்சிக்கினே கீதுடி. மாடி ஏறுனாகூட இப்டித்தான்."

மாடிப்படியில் ஏது மேடை? அதை யோசித்திருக்க வேண்டும். எனக்கோ செய்முறை நோட்டுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. உன்னை உட்காரவைத்துக் கேள்விகள் கேட்டு, மேடைப் பயம் என்று எழுதினேன். எண்ணி எண்ணி மூச்சுவிடச் சொன்னேன். தினமும் செய்தாய். "இப்ப பரவால்லடி" என்றுகூடச் சொன்னாய், பாவி, எனக்காக. உளவியல் மேடம் நோட்டில் 'மிக நன்று' போட்டதை உன்னிடமே காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

பொங்கல் லீவில் நீ போய்விட்டாய். இதய வால்வு சுருங்கியிருந்ததாம். முன்பே பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம்.

காரியத்துக்கு உன் ஊர் சாலவாக்கம் வந்தபோது உன் அம்மா சொன்னார்: "ஆஸ்பத்திரிக்குப் போலாம் வான்னு எத்தினி தபா கூப்ட்டேன். 'வெறும் பயந்தாம்மா, அவ பாத்துச் சொல்லிட்டா'ன்னுச்சு. உம்மேல அவ்ளோ நம்பிக்க அதுக்கு." குறையாக அல்ல, பெருமையாகச் சொன்னார். நான் உண்மையைச் சொல்லாமலே பஸ் ஏறினேன்.

போன வாரம் அவரே போன் செய்தார். உன் தங்கைக்கும் மூச்சு வாங்குகிறதாம். உடனே டாக்டரிடம் காட்டச் சொன்னேன். "நீ வந்து ஒரு தபா பாரும்மா, அது போதும்" என்றார். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அன்று உனக்கு நான் சொன்னது தப்பு, அதனால்தான் நீ ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டேன்.  அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாளே செங்கல்பட்டில் காட்டினார்களாம், மருந்திலேயே சரியாகிவிடுமாம். தங்கைதான் செய்தி அனுப்பினாள். அம்மா இனி என்னைக் கூப்பிடமாட்டார். அது நியாயம், தாங்கிக்கொள்வேன். ஆனால் நீ இருந்திருந்தால், "வுட்றி, தெரியாமதான சொன்ன" என்றிருப்பாய். அதைத்தான் தாங்க முடியவில்லை.