வலது கைக்கு வாங்கிய துப்பாக்கி

தோட்ட லைன், ரெம்பாவ்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ரதி அப்பாவுக்கு,

மாதவி எழுதுவது. இங்கே உடம்பில் யாருக்கும் குறையில்லை. எனக்குத்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அது காய்ச்சல் இல்லை, அருவருப்பு. காரணத்தை எழுதுகிறேன், அலுப்புப் பார்க்காமல் கடைசிவரை படியுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கடலுக்கு நடுவில் எண்ணெய் மேடையில் இருக்கும் உங்களுக்கு லைன் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் பசியாறியாச்சா, மழையா என்று கேட்டுவிட்டு, மற்றதை அண்ணனிடம் கேட்டுக்கொள் என்று வைத்துவிடுவீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் அந்த அண்ணன்தான் முதல் ஆளாகப் படிப்பார். தனியாக அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல் படம் போட்டு முடித்துவிடுவீர்கள். உங்கள் கூட்டாளி அர்ச்சுனன் விடுப்பு முடிந்து நாளை மிரி வழியாக மேடைக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியாது அல்லவா.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சமையல்கட்டுத் தகரத்தில் மறுபடி ஓட்டை. தோட்ட மேற்பார்வை மண்டோரிடம் சொன்னதற்கு, நிர்வாகம் இந்த லைன் வீடுகளையே இடித்துச் செம்பனை நடப்போகிறது, இதில் தகரம் எதற்கு என்றார். கோலா கிளாவாங்கில் இருக்கும் பஞ்சாலை அக்காவின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம், நீங்கள் வராவிட்டால் பேசமாட்டார்களாம். உங்கள் மோட்டார் சைக்கிளை ரதி அவ்வப்போது கிளப்பிவிடுகிறாள், பேட்டரி இன்னும் உயிரோடு இருக்கிறது.

இனி விஷயம். ரதிக்குத் துப்பாக்கி வந்துவிட்டது. படங்களைக் குழுவில் பார்த்திருப்பீர்கள். பொன்னாடை போட்டுக்கொண்டு உங்கள் அண்ணன் நடுவில், அவர் பக்கத்தில் யாரோ கட்சிக்காரர், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நம் மகள். நீங்கள் பதிலுக்குக் கைகூப்பும் படம் ஒன்று போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்ததும் உங்கள் மேலும் எனக்குக் கோபம் வந்தது. மறைக்க விரும்பவில்லை.

நீங்கள் போன தடவை வந்துபோன பிறகு நடந்தவை இவை, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை இங்கே சுடும் கழகத்தில் சேர்த்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். பத்து மீட்டர் தள்ளித் தொங்கும் சின்ன அட்டையைக் காற்றுக் கைத்துப்பாக்கியால் சுட வேண்டும். ஒரு கையைத்தான் நீட்டலாம், மற்றக் கை பாக்கெட்டுக்குள் இருக்கும். கழகத்தில் இருந்தது ஒரு பழைய துப்பாக்கி. அதன் கைப்பிடி இரண்டு கைக்கும் பொதுவாகச் செய்தது. ரதி அதை இடது கையில் எடுத்தாள். எடுத்த நாளிலிருந்தே அவளுக்கு அது படிந்துவிட்டது. சோறு மட்டும்தான் அவள் வலது கையால் சாப்பிடுவது, மற்றதெல்லாம் இடதுதான். உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனால் மட்டும் தண்ணீர்க் கிளாசைக்கூட வலது கையால் தொடுவாள். அங்கே இடது கையை நீட்டினால் என்ன கிடைக்கும் என்று சின்ன வயதிலேயே பாடம் படித்தவள்.

பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் அந்தப் பழைய துப்பாக்கியோடு மேலே வந்தாள். மாநிலத் தேர்வுக்குப் போகலாம் என்றார் கோச் அஸ்மான். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். சொந்தத் துப்பாக்கிக்கு இப்போது அவசரமில்லை என்று என்னிடம் தெளிவாகச் சொன்னார். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கம்பெனிப் பேரைப் பார்க்காதீர்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் நாலைந்தைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்ட வேண்டுமாம். கண்ணைத் திறக்கும்போது மணிக்கட்டைத் திருகாமலே குழல்மேல் இருக்கும் முன்குறியும் பின்குறியும் நேராக நின்றால் அதுதான் அவளுடையது. கனம் குறைவாக, கைப்பிடி உள்ளங்கையில் ஒட்டி உட்கார வேண்டும். புதியவர்களுக்கு அதைவிட வேறு எதுவும் முக்கியமில்லை என்றார்.

இதை அப்படியே உங்கள் அண்ணனிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன். பேப்பரில் ரதி படம் வந்த நாளே அவர் கோயில் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, என் தம்பி மகளுக்கு நானே துப்பாக்கி வாங்கித் தருகிறேன் என்று அறிவித்துவிட்டார். டத்தோ பட்டத்துக்கு அலைகிற மனுஷனுக்குப் பிள்ளையின் உள்ளங்கை எதற்கு. உலகப் போட்டியில் ஜெயித்தவர் வைத்திருக்கும் ரகம் எது என்று கேட்டாராம், சிவப்பு நிறம் இருக்கிறதா என்று கேட்டாராம். தன் லாரிக்கு டயர் வாங்கினால்கூட அளவு கேட்பார்.

அளவு கேட்டது கடைக்காரர்தான். கைப்பிடி செய்து அனுப்ப வேண்டும், பிள்ளையின் கையை வரைந்து அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறார். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் உங்கள் அண்ணன் வந்து, கோயில் நோட்டீஸின் பின்பக்கத்தை மேசையில் விரித்து, பேனாவை எடுத்துக்கொண்டு, "கைய வை" என்றிருக்கிறார். பெரியப்பா முன்னால் அவள் எந்தக் கையை வைப்பாள்? வலது கையை வைத்தாள். நான் பிறகு கேட்டபோது, யோசிக்கவே இல்லம்மா, கை தானா போயிருச்சு என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் வீடுகளில் பெரியவர் ஒருவர் கையைக் கேட்டால் வேறு எந்தக் கையை நீட்டுவார்கள்?

துப்பாக்கி ஆயுத பூஜைக்கு முன்னால் வந்தது. போலீஸ் லைசென்ஸ் உங்கள் அண்ணன் பேரில். அதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, கழகத்து இரும்பு அலமாரியில்தான் பூட்டி வைக்க வேண்டும். கோயிலில் வைத்துப் படைக்க வேண்டும் என்று அவர் நின்றார். கழகத்தில் முடியாது என்றுவிட்டார்கள். அதனால் காலிப் பெட்டியை மட்டும் வாங்கி வந்து, முனியாண்டி முன்னால் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டார். உள்ளே ஒன்றுமில்லாத பிளாஸ்டிக் பெட்டிக்குச் சூடம் காட்டியதைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

படம் பிடித்த அன்று கட்சிக்காரர் போனதும் கோச் அவளைச் சுட்டுக்காட்டச் சொன்னார். ரதி இடது கையில் எடுத்தாள். கை உள்ளே போகவில்லை. கட்டைவிரல் மேடு வரவேண்டிய இடத்தில் பள்ளம், பள்ளம் வரவேண்டிய இடத்தில் மரம் துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் குத்துகிறது. செருப்பைக் கால் மாற்றிப் போட்டது போல. கோச் முகம் செத்துவிட்டது. அவள் வலது கைக்கு மாற்றிக்கொண்டாள், இடது கையைப் பாக்கெட்டில் போட்டாள், சுட்டாள். ரவைகள் அட்டையின் ஓரத்தில் போய் விழுந்தன. உங்கள் அண்ணன் கைதட்டி, "புதுசுல்ல, பழகிடும் லா" என்றார்.

அன்றிலிருந்து அப்படித்தான் பயிற்சி. அந்தக் கனத்தைத் தூக்கித் தூக்கி அவள் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. எண்ணெய் தேய்த்துவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சுடத் தெரிந்த கை பாக்கெட்டுக்குள் சும்மா கிடக்கிறது, தெரியாத கை நடுங்கிக்கொண்டு நிற்கிறது. வேலிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதைச் சரிசெய்ய முடியாது என்றில்லை. கைப்பிடியை மட்டும் கழற்றி இடது கைக்கானதை வரவழைத்துப் போடலாம், லைசென்ஸ்காரர் கடைக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், தேர்வு முடியும்வரை அவள் பழைய துப்பாக்கியிலேயே சுடட்டும் என்றார் கோச். இதைப் பேசத்தான் வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்கள் அண்ணனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். உங்கள் அண்ணனாயிற்றே என்று தெங்கிரி மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே எல்லாம் கேட்டார். கேட்டுவிட்டு, முடியாது என்றார். பொம்பளைப் பிள்ளை இடது கையை நீட்டிக்கொண்டு நிற்பதை டிவியில் காட்டினால் கோயிலில் அவர் முகத்தை எங்கே வைப்பாராம். தான் வாங்கிக் கொடுத்ததை விட்டுவிட்டு ஓட்டைத் துப்பாக்கியில் சுட்டால் ஊர் என்ன சொல்லுமாம். பிறகுதான் அதைச் சொன்னார். குழம்பைப் பிசைந்துகொண்டே, சிரித்துக்கொண்டே சொன்னார். "என் தம்பி யோகேந்திரனுக்கும் இதே வியாதிதான். அப்பா போனதுக்கப்புறம் நான்தானே வளத்தேன். கரண்டிய அடுப்புல வச்சேன், பழுக்கப் பழுக்க. ஒரே ஒரு இழுப்பு. அப்புறம் அந்தக் கைய நீட்டவே இல்ல. இன்னிக்கு நாலு பேருக்கு முன்னால மனுஷனா நிக்கிறான்னா எனக்குல்ல நன்றி சொல்லணும்" என்றார்.

உங்கள் இடது கையில், கட்டைவிரலுக்குக் கீழே, வழவழவென்று ஒரு தழும்பு இருக்கிறது. கல்யாணமான புதிதில் கேட்டேன். சின்ன வயதில் ரப்பர் புகைக்கூடத்தில் சூடு பட்டது என்றீர்கள். இத்தனை வருஷமும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

உங்கள் அண்ணனின் இலையைப் பார்த்தேன். அவருடைய வலது கை, அந்த நல்ல கை, மரியாதையான கை, என் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க முடியவில்லை.  ரதி தண்ணீர்ச் சொம்போடு வாசற்படியில் நின்று அத்தனையும் கேட்டுவிட்டாள். உள்ளே வந்தாள். கிளாசில் தண்ணீர் ஊற்றினாள். இடது கையால் எடுத்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்து, "குடிங்க பெரியப்பா" என்றாள். அவர் அவளைப் பார்த்தார், கிளாசைப் பார்த்தார், கையைக் கழுவாமலே எழுந்து போய்விட்டார். மிச்சக் குழம்பை அப்படியே சாக்கடையில் ஊற்றினேன். நல்ல மீன்தான். இருக்கட்டும்.

நேற்று அவள் கழகத்தில் பழைய துப்பாக்கியைக் கேட்டாள். தர முடியாது என்றுவிட்டார்கள். உங்கள் அண்ணன் முந்திக்கொண்டு போன் போட்டிருக்கிறார். நீங்கள் கடலில் இருந்ததால் சேரும்போது பாதுகாவலர் என்று அவர்தான் கையெழுத்துப் போட்டார், ஞாபகம் இருக்கும். நான் தாய், நான் போடுகிறேன் என்றேன். கழகத்துச் செயலாளர், அவரும் உங்கள் அண்ணனோடு தேத்தண்ணீர் குடிக்கிறவர்தான், குடும்பச் சண்டையில் எங்களை இழுக்காதீர்கள், அப்பாவே சொல்லட்டும் என்றார். பெற்றவள் கையெழுத்து அங்கே செல்லாதாம். துப்பிவிட்டு வரலாம் போல இருந்தது. ரதிக்காக வாயை மூடிக்கொண்டு வந்தேன். கோச் வெளியே வந்து, அப்பாவிடமிருந்து நாலு வரி வந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். தேர்வு அடுத்த மாத ஆரம்பத்தில். அந்த நாலு வரி வராவிட்டால் அவள் வலது கையால் போய் நின்று தோற்றுவிட்டு வருவாள். அதற்குப் பிறகு துப்பாக்கியைத் தொடமாட்டாள். நம் மகளை எனக்குத் தெரியும்.

இன்று காலை அர்ச்சுனன் இந்தக் கடிதத்துக்காக வந்திருந்தார், எழுதி முடியவில்லை, சாயங்காலம் வாருங்கள் என்றேன். பேச்சுவாக்கில் ரதி அவரிடம், எண்ணெய் மேடையில் அப்பா எந்தக் கையால் வேலை செய்வார் என்று கேட்டாள். அவருக்கு ஒன்றும் தெரியாதே, சிரித்துக்கொண்டு சொன்னார். "இடது கைதான், பாப்பா. குழாய்ச் சந்துக்குள்ள ஸ்பானரை விட்டு முடுக்கணும்னா எங்க யாராலயும் ஆவாது, யோகனைத்தான் கூப்பிடுவோம்" என்றார்.  ரதி கொஞ்ச நேரம் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உங்கள் மோட்டாரைத் துடைக்கப் போய்விட்டாள்.

அண்ணனோடு சண்டை போடச் சொல்லவில்லை. அவர் வளர்த்தார், சோறு போட்டார், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் காலில் விழுவதாக இருந்தாலும் விழுந்துகொள்ளுங்கள், அது உங்கள் பாடு. எனக்கு வேண்டியது கோச்சுக்கு நாலு வரி. என் மகள் ரதி கழகத்துத் துப்பாக்கியில், தன் இடது கையால் சுடட்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கரைக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். படம் பிடித்து என் போனுக்கு அனுப்பினாலும் சரி.

உங்கள் வலது கை எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், கல்யாணப் பதிவில்கூட அதிகாரி இரண்டாம் தடவை எழுதச் சொன்னார். இந்த நாலு வரியை மட்டும் அந்தக் கையால் எழுதாதீர்கள். எழுத்து எப்படிக் கோணிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை. கோச்சிடம் கொடுப்பதற்கு முன்னால் ரதி அதைப் பார்ப்பாள்.

கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். உங்கள் இரண்டு கைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று முனியாண்டியிடம் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

உங்கள்
மாதவி