வாலு ஏற்றாத படங்கள்

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று போனை வைத்ததும் அம்மா சொல்வாள், உன்னைப் பற்றி எனக்குத் தெரிவதெல்லாம் அப்படி அவள் வாய்வழி வருவதுதான். மழை விட்டு வெயில் வந்துவிட்டது, மாடிப்படி விளக்கை வீட்டுக்காரர் ஒருவழியாக மாற்றிவிட்டார், அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் காலை ஷிப்ட் கொடுத்துவிட்டார்கள், முழங்காலுக்கு அது நல்லது என்கிறாள், எப்படி நல்லது என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கண்ணாடிக் கடைப் பின்னறையில் அதே வேலைதான், லென்ஸ் தேய்க்கிற மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்க வரமாட்டார்கள். நீ அனுப்பிய பெரிய ஹார்ட் டிஸ்க் பத்திரமாக வந்து சேர்ந்தது, லேப்டாப்பில் மாட்டியும் ஆயிற்று. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும், எழுத எழுத வெட்கமாக இருக்கிறது.

லேப்டாப்பில் இடமே இல்லை, சின்னவள் வாலு சினிமாவாக ஏற்றி நிரப்பிவிட்டாள் என்று அம்மா உன்னிடம் சொன்னாள் இல்லையா. நீயும் அவளைக் கூப்பிட்டுத் திட்டினாய். அவள் “நான் ஒண்ணுமே ஏத்தலக்கா” என்று அழுததற்கு, “பொய் வேற சொல்றியா பொய்க்காரி, படிக்கத்தானேடி அதை உன்கிட்ட விட்டுட்டு வந்தேன்” என்று கேட்டாயாம். அம்மா லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டிய கட்டுரையை வாலு கையாலேயே எழுதி, பிடிக்காத பக்கத்தைத் திரும்ப எழுதி, விரலெல்லாம் மையோடு திரிந்தாள். தட்டுக்குப் பக்கத்தில் புத்தகம் இல்லாமல் சோற்றில் கை வைக்காத பிள்ளை, அவளா சினிமா பார்க்கப்போகிறாள், அது எனக்குத் தெரியாதா. அன்றைக்கு என் பக்கம் திரும்பி, “நீங்களாவது சொல்லுங்கப்பா” என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வாய் திக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் நான் சும்மா இருந்தது யாருக்கும் தப்பாகப் படவில்லை. ஆனால் அன்றைக்கு வாய் திக்கவில்லை கண்ணு, நான் அதைத் திறக்கவே இல்லை.

அந்த லேப்டாப்பை நிரப்பியவன் நான். “அப்பாவுக்கு என்கிட்ட பேசவே பிடிக்கலயாம்மா” என்று நீ அம்மாவிடம் ஒருதரம் கேட்டாய், அவள் அதை அப்படியே என்னிடம் சொல்லிவிட்டாள். பிடிக்காமல் என்ன. நேரில் என்றால் என் கண்ணைப் பார்த்தே உனக்குப் பாதி புரிந்துவிடும், போனில் போவது வாய் மட்டும்தானே, அது நடுவழியில் உட்கார்ந்துகொள்கிறது. திக்குகிறவர்கள் தாங்கள் பேசுவதைத் தாங்களே படம் பிடித்துப் பார்த்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும் என்று எங்கேயோ படித்தேன். அம்மாவும் வாலுவும் கிளம்பிய பிறகு, கடை திறக்கும் வரை சமையலறை ஜன்னலோரம் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கையில் கிடைத்ததை வாசிப்பேன், வாஷிங் மெஷின் கேரண்டி அட்டையைக்கூட விடவில்லை. முடிக்கும்போது “எப்படிம்மா இருக்க, சாப்பிட்டியா” என்று உன்னிடம் கேட்பதுபோலக் கேட்டுப் பார்ப்பேன். போட்டுப் பார்த்தால் சகிக்காது, உடனே அழித்துவிடுவேன். அழித்ததெல்லாம் உள்ளேயே ஒரு குப்பைத் தொட்டியில்தான் கிடக்கும், அதையும் நாம்தான் காலி செய்ய வேண்டும் என்று எனக்கென்ன தெரியும். தெருவுக்கு வண்டி வருவதுபோல யாரோ வந்து அள்ளிக்கொண்டு போவார்கள் என்று இருந்துவிட்டேன். இடம் இல்லை என்று லேப்டாப் முரண்டு பிடித்தபோது, என்னுடையதைத்தான் அழித்துவிட்டேனே, இது சின்னவள் வேலையாகத்தான் இருக்கும் என்று மனசு சமாதானம் சொன்னது. அதை முழுசாக நம்பினேன் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன்.

உன் டிஸ்க்கை மாட்ட நானும் வாலுவும்தான் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் பழைய டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி, கவுன்டர் மேல் இருக்கிற பெரிய திரையில் திறந்தார். “இடத்தையெல்லாம் குப்பைத் தொட்டிதான் சார் தின்னிருக்கு, என்னன்னு பாத்துடலாம்” என்று அதிலிருந்து ஒன்றை எடுத்து ஓடவிட்டார். திரை முழுக்க என் முகம். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, “சா... சா...” என்று உன்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்க முடியாமல் நிற்கிறேன், சத்தமும் வருகிறது. பிரிண்டரை எடுத்து வந்திருந்த ஒரு அம்மா தன் பிரிண்டரையே உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கடைக்காரர் அவசரமாக நிறுத்திவிட்டு, “இதெல்லாம் அழிச்சிட்டா பழைய டிஸ்க்கே தாராளம் சார், புதுசு எதுக்கு?” என்று கேட்டார். நான் தலையாட்டப் போனேன். அதற்குள் வாலு, “ஒண்ணு விடாம புதுசுல ஏத்துங்க அண்ணா, எங்க அக்கா பாக்கணும்” என்று சொல்லிவிட்டாள்.

வரும் வழியில் அவள் என் பக்கத்தில் நடக்கவில்லை, முன்னால் போனாள். “அப்போ நான் தின்ன திட்டெல்லாம்?” என்று திரும்பிக் கேட்டாள். கொஞ்ச தூரம் போய், “இந்தப் படத்துக்குத்தானே அக்கா என்னைப் பொய்க்காரின்னு சொன்னா, ஹீரோ யாருன்னு பாக்கட்டும்” என்றாள். சிரிக்கிறாளோ என்று பார்த்தேன், இல்லை, அழுதுகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன், சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது. அம்மா பீரோ சாவியை எடுத்து வாலுவின் கையில் கொடுத்தாள்.

நீ கூப்பிட்டால் வாலு இப்போதெல்லாம் படிக்க இருக்கிறது என்று எழுந்து போய்விடுகிறாள், கவனித்திருப்பாய். அக்கா என்றால் உயிராக இருந்தவள். உங்கள் இருவருக்கும் நடுவில் இதைப் போட்டவன் நான், எடுக்க வேண்டியவனும் நான்தான், ஆனால் பொய்க்காரி என்ற வார்த்தையை நீதான் திரும்ப வாங்கிக்கொள்ள முடியும். அவள் எழுந்து போனாலும் விடாதே, திரும்பக் கூப்பிடு. என்மேல் கோபம் வந்தால் என்னிடம் காட்டு. வேலை வேலை என்று காலையில் சாப்பிடாமல் கிளம்பாதே, ஈரத் தலையோடு படுக்காதே, உனக்குச் சளி பிடித்தால் இங்கே அம்மாதான் இருமுகிறாள். நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை, அதற்குக் குறைவில்லாமல் இருப்பாய்.

மறக்காமல் ஒன்று. வாலுவிடம் பேசி முடித்ததும் போனை என்னிடம் தரச் சொல், வாங்கிக்கொள்கிறேன். நான் ஓர் எழுத்தில் நின்றுவிட்டால், பாவம் அப்பா என்று அந்த வார்த்தையை நீ எடுத்துக் கொடுக்காதே கண்ணு. எவ்வளவு நேரமானாலும் காத்திரு. அதை நானே சொல்கிறேன்.

இப்படிக்கு
உன்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டிய
அப்பா