பாலத்தில் நீ வைத்த சந்தை

என் ஆசை அண்ணாவுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். "சொல்தா வூட்டு அண்ணனுக்கு எப்போ படைக்கிறீங்க?" என்று பண்டசோழநல்லூரில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். தாத்தா காலத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்து நீ அந்தப் பட்டாளத்தில் சேர்ந்தாய். திரும்பி வந்து இத்தனை வருஷம் கரும்பு போட்டாய், நெல் போட்டாய். ஆனாலும் ஊருக்கு நீ கடைசிவரை சொல்தாதான், பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரன்தான்.

படையலுக்கு எல்லாம் தயார். நீ கேட்ட புத்தகம்தான் பாக்கி. "நான் போனா முதல் வருஷத்துக்கு என் பாலத்துக் கதைய புக்கா போட்டு எல்லாருக்கும் குடுக்கணும், மல்லி" என்று சிரித்துக்கொண்டே வாக்கு வாங்கிக்கொண்டாய். எந்தக் கதையைப் போடுவது என்று தெரியாமல்தான் பத்து மாதம் ஓட்டினேன். இப்போது தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆப்பிரிக்காவில் இருக்கும் அந்த நாட்டின் பெயரை நீ வாயால் சொன்னதே இல்லை. நமக்கு அது 'பாலத்து ஊர்'. வடக்குக்காரனும் தெற்குக்காரனும் ஒரே நாட்டுக்குள் வெட்டிக்கொண்டு செத்தபோது, நடுவில் போய் நின்றது உங்கள் பட்டாளம். அண்ணியின் காரியம் முடிந்த அன்று மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை சொன்னாய். "பாலத்துல காவல் நின்னேன். யாரையும் வுடாதன்னு ஆர்டர். ஒரு அம்மா வந்து கெஞ்சுனாங்க. வுடல. மறுநாள் அந்தக் கரையில ஒரே துப்பாக்கிச் சத்தம்." அவ்வளவுதான். அதற்கு மேல் நான் கேட்கவும் இல்லை, நீ சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் எழுத ஆரம்பித்தாய். வில்லியனூர் ஸ்டேஷன் ரோட்டில் என் டைப்பிங் கடை வாசலில் மொபெட்டை நிறுத்திவிட்டு, "இன்னாடி மல்லி, கரண்ட் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வருவாய். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருக்கும்.

முதல் கதையில் உங்கள் பட்டாளம் கப்பலே ஏறவில்லை. சண்டைக்காரர்கள் சண்டை போட்டு அலுத்து, மழை வந்ததும் அவரவர் நிலத்துக்குத் திரும்பிவிட்டார்கள். அதை டைப் அடித்து முடித்த வாரமே வந்து கிழிக்கச் சொன்னாய். "நாங்க போவலன்னா சண்டை நின்னுடுமா? எழுதுறதுக்கு ஒரு நியாயம் வேணாமா?" இரண்டாவதில் துப்பாக்கிக்குப் பதில் டாக்டர்களும் வாத்தியார்களும் போனார்கள். அதுவும் உனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியாக வந்ததுதான் சந்தை. பட்டாளம் போகிறது, நடுவில் நிற்கிறது, ஆனால் பாலத்தை மூடவில்லை, திறந்துவிடுகிறது. வடக்குப் பெண்கள் கிழங்கு கொண்டுவருகிறார்கள், தெற்குப் பெண்கள் மீன் கொண்டுவருகிறார்கள். பாலம் முழுக்கக் கூடைகள். துப்பாக்கி வைத்திருந்த பையன்களை அம்மாக்கள் மூட்டை தூக்கக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். ஒரு வருஷத்தில் சண்டை போட ஆள் இல்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏண்ணா, ஆப்பிரிக்காவுல வில்லியனூர் சந்தைய இறக்கிட்டியே! முருங்கைக்கீரைக்காரி பேரம் பேசுறதுகூட நம்ம ஊரு மாதிரியே இருக்கு" என்றேன். நீயும் சிரித்தாய். ஆனாலும் நோட்டும் கையுமாக வருவதை விடவில்லை. ஒரு வரி மாற்று, ஒரு பத்தி மாற்று. எத்தனை தடவை!

நீ கடைசியாக வந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை. பள்ளிக்கூட அட்மிஷன் நேரம், கடை வாசல்வரை ஆள். நீ ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாய். "இன்னா, கரண்ட் இருக்கா?" தலை நிமிராமல் சொன்னேன்: "இல்லண்ணா, நாளைக்கி வா." என் தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நீ அதை அண்ணாந்து பார்த்ததை நான் பார்த்தேன். "சரிடி. அவசரம் ஒண்ணுமில்ல" என்று போய்விட்டாய். அன்று சாயங்காலமே மோட்டார் கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். உன்னைத் தூக்கி வந்தவர்கள் உன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த அந்தச் சீட்டைப் பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடை டிராயரில், கார்பன் தாளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

போன மாதம் ஒரு பையன் வந்தான். மூசா என்று பெயர். இங்கே பக்கத்துக் காலேஜில் படிக்கிறான், கடைகளில் பேசிப் பேசி நம்ம ஊர்த் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறான். "அக்கா, கலர் ரெண்டு காப்பி" என்று பாஸ்போர்ட்டை நீட்டினான். நாட்டின் பெயரைப் பார்த்தேன். உன் பட்டாளக் காகிதங்களில் நான் படித்த அதே பெயர். உன் பாலத்து ஊர்.

அவனிடம் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முடியவில்லை. உன்னைப் பற்றியும் பாலத்தில் கெஞ்சிய அந்த அம்மாவைப் பற்றியும் சொல்லிவிட்டு, திட்டுவானோ என்று பயந்துகொண்டே முகத்தைப் பார்த்தேன். அவன் திட்டவில்லை. "எங்க ஊருக்கு எந்தப் பட்டாளமும் வரல அக்கா. நான் சின்னப் பையன். அம்மா ரேடியோ பக்கத்துலயே உக்காந்துருக்கும். இன்னிக்கி வருவாங்க, நாளைக்கி வருவாங்க. வந்திருந்தா அப்பா இருப்பாங்க" என்றான்.

போகாமல் இருந்திருந்தால் என்று நீ எழுதினாய். வந்திருந்தால் என்று அவன் சொல்கிறான். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய் நியாயம் கேட்பது, அண்ணா?

உன் சந்தைக் கதையை அவனுக்குப் படித்துக் காட்டினேன், பாதி தமிழ், பாதி எனக்குத் தெரிந்த இங்கிலீஷ். முருங்கைக்கீரை வந்த இடத்தில், "எங்க ஊர்லயும் இருக்கு அக்கா!" என்று குதித்தான். முடித்ததும், "கெஞ்சுன அந்த அம்மா, நெஜமா இன்னா ஆனாங்க?" என்று கேட்டான். தெரியாது என்றேன். "புக்குல எல்லாரும் பாலம் தாண்டிட்டா, அவங்கள யாரு தேடுவாங்க அக்கா?"

அவன் போன பிறகு கடையைப் பாதி சாத்திவிட்டு டிராயரைத் திறந்தேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, நான் தையல் படித்தவள். ஸ்டேஷன் ரோட்டில் இந்த இடத்தைப் பிடித்ததே தையல் கடை வைக்கத்தான். பட்டாளத்திலிருந்து வந்து இறங்கிய நீ, "தையல் வேணாம்" என்று ஒற்றைக் காலில் நின்றாய். கம்ப்யூட்டரையும் ஜெராக்ஸ் மெஷினையும் கொண்டுவந்து இறக்கினாய். ஒரு மாதம் நான் உன்னோடு பேசவில்லை. பக்கத்துக் கடையில் தையல் மெஷின் ஓட ஆரம்பித்தால் உடனே மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். கேட்டால் தலைவலி என்பாய். என் ஆசையைக் கெடுத்த அண்ணன் என்று எத்தனை பேரிடம் உன்னைக் குறை சொல்லியிருப்பேன்!

சீட்டில் நீ எழுதியிருந்தது இதுதான்:

'மல்லி, சந்தை வேணாம். கடைசியில் இதைப் போடு. அந்த அம்மா தலையில் தையல் மெஷின் வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெண் பிள்ளை, மெஷினின் பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றது. அவள் கேட்டாள். நான் தடுப்பைத் தூக்கவில்லை. மெஷினை இறக்கி வைக்காமலே திரும்பி நடந்தாள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.'

அழுதேன் அண்ணா. கடையென்றும் பார்க்காமல் அழுதேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் இத்தனை வருஷம் உன்மேல் கோபமாக இருந்தேனே, அதையும் சேர்த்துச் சுமந்தாயா?

புத்தகத்தில் உன் கடைசிப் பக்கத்தை ஒரு எழுத்து மாற்றாமல் போட்டுவிட்டேன். ஆனால் சந்தையை எடுக்கமாட்டேன். இதில் மட்டும் உன் பேச்சைக் கேட்பதாக இல்லை. அந்த அம்மா எங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? சந்தை முன்னால் இருக்கும், பாலம் பின்னால் இருக்கும். கடைசிப் பக்கத்தை அங்கே புழங்கும் பிரெஞ்சில் எழுதித் தருகிறேன் என்று மூசா சொல்லியிருக்கிறான். அவன் ஊருக்கும் அனுப்புவானாம். தையல் மெஷினோடு திரும்பி நடந்த ஒருத்தியை அங்கே யாராவது அறிந்திருப்பார்கள். பெல்ட்டைச் சுற்றிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணே எங்காவது இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை உன் படத்துக்கு முன்னால் முதல் பிரதியை வைப்பேன். இனிமேல் யார் எந்தக் காகிதத்தோடு வந்து நின்றாலும் திருப்பி அனுப்பமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

இன்று காலையில்தான் உன் சீட்டை டைப் அடித்தேன். கரண்ட் இருந்தது, அண்ணா. அன்றைக்கும் இருந்தது.

உன்னை வாசலோடு திருப்பி அனுப்பிய தங்கச்சி,
மல்லிகா